ஒப்படைக்காத கைகாட்டி

ரயில் நிலையக் காவலை மறுபடியும் கை மாற்றப் போவதாகப் பேச்சு. எந்தப் படையிடமிருந்து எந்தப் படைக்கு என்று, சொன்னவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். அங்கேதான் கேட்டார்கள். "போன தடவை மாத்தினப்ப நீங்கதானே பாய் அங்க இருந்தீங்க? எழுதிக் குடுங்க. இப்ப வேலையில இருக்கறவங்க படிக்கட்டும்." எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. எட்டாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. மாற்றியது தப்பு என்று நான் சொல்லவில்லை. மாற்றிய லட்சணத்தைச் சொல்கிறேன்.

எனக்குப் பம்மல். அத்தாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. அந்த வாடை வேண்டாம் என்று காக்கிக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். சாவ்தான் என்றால் விறைப்பு, விஷ்ராம் என்றால் தளர்வு. பாஷை தெரியாமலே கால் கேட்டது. பிறகு பல ஊர். கடைசிக் காலம் முழுக்கத் தாம்பரம் பக்கத்து நிலையங்கள். நான் சொல்லப்போகும் நிலையத்தின் பேரைச் சொல்லவில்லை. அங்கே இப்போது வேலை பார்க்கிறவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள்.

ரயிலில் இரண்டு காக்கி உண்டு. நாங்கள் மத்திய அரசின் படை. தண்டவாளம், யார்டு, பார்சல், பிளாட்பாரக் கூட்டம் எல்லாம் நாங்கள் பார்த்தோம். வழக்கு எழுதுவது மட்டும் மாநிலப் போலீஸ். ஒருத்தன் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் பிடிப்பது நாங்கள், எழுதுவது அவர்கள். பிடிபட்டவனையும் பறிகொடுத்த பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் அறை வாசலில் நிற்போம். "ஓடற வண்டியில புடுங்கினானா, நின்ன வண்டியிலயா?" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே, "பையும் வேணாம் ஒண்ணும் வேணாம் சார், ஆளை வுடுங்க" என்று போய்விடுவாள். திருடன் எங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் எங்கள் பக்கத்து நிலையங்களில் பிளாட்பாரத்தையும் பயணிகளையும் மாநிலப் போலீசிடமே விடுவது என்று முடிவு செய்தார்கள். மீட்டர் கேஜ் என்ற சின்னப் பாதையை எடுத்துவிட்டு, பிராட் கேஜ் என்ற பெரிய பாதை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். ஊர் பாஷை தெரிந்த ஆட்கள் அங்கேயே பிடித்து அங்கேயே எழுதட்டும், நல்லதுதானே. நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

இப்போது எங்கள் வேலையில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

புறநகர் வண்டியில் வெண்டார் பெட்டி என்று ஒன்று உண்டு. கூடை, மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுக்கும் பெண்கள் பீச் ஸ்டேஷனில் ஏறி அதில்தான் வருவார்கள். அவர்கள் இறங்குவது மற்றவர்கள் இறங்குவது போல அல்ல. முதலில் ஒருத்தி குதிப்பாள். உள்ளே இருப்பவள் கூடையைக் கதவுவரை இழுத்துத் தருவாள். கீழே இருப்பவள் குனிந்து வாங்கி வைப்பாள். எல்லாக் கூடையும் இறங்கின பிறகுதான் உள்ளே இருப்பவள் இறங்குவாள். வண்டி நிற்பதோ ஒரு மூச்சு நேரம். வண்டியின் கடைசியில் கார்டு நிற்பார். அவர் மணி அடித்தால் முன்னால் டிரைவர் எடுத்துவிடுவார். அத்தனை கூட்டத்தில், குனிந்து கூடை வாங்குகிற பெண் கார்டு கண்ணில் படமாட்டாள்.

அதனால் எங்களில் ஒருவன் அந்தப் பெட்டி நிற்கும் இடத்தில், பிளாட்பார ஓரத்தில் நின்று ஒரு கையை உயரத் தூக்குவான். தலைகளுக்கு மேலே காக்கிக் கை தெரியும். கை மேலே இருக்கும்வரை கார்டு மணி அடிக்க மாட்டார். கடைசிப் பெண் இறங்கியதும் கை கீழே வரும். மணி அடிக்கும். வண்டி போகும். இதை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. எனக்கு முன்னால் நின்றவர் தூக்கினார், நானும் தூக்கினேன். கார்டுகள் மாறினாலும் ஒருவர் சொல்லி ஒருவர் தெரிந்துகொண்டார்கள். எந்தச் சட்டத்திலும் கிடையாது.

அந்தப் பெண்களில் அம்சவல்லி என்று ஒருத்தி. நல்ல உயரம். எப்போதும் கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். மற்றவர்கள் கூடையெல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தன் கூடையைத் தொடுவாள். அவள்தான் எனக்குக் கைகாட்டி பாய் என்று பேர் வைத்தாள். பழைய சிக்னல் மரத்தைக் கைகாட்டி என்பார்கள் இல்லையா, அது.

"இன்னா கைகாட்டி, ஷூ பளபளன்னு கீது? பொண்ணு பாக்கப் போறியா?"

"எனக்குப் பேரன் இருக்கான் அம்சா. சீக்கிரம் எறங்கு."

"பேரன் இருந்தா இன்னா? கை நல்லாத்தான் வேலை செய்யுது."

பெட்டியே சிரிக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கையை இறக்க மாட்டேன்.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திட்டவே மாட்டார். குரல் உயராது. உட்காரும் முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பார். பேசும் முன் கண்ணாடியைத் துடைப்பார். எங்களையெல்லாம் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். எதைச் செய்துவிட்டு வந்து சொன்னாலும் ஒரே கேள்விதான். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" திட்டுகிற அதிகாரியிடம் திருப்பி ஒரு வார்த்தையாவது சொல்லலாம். இவரிடம் அதற்கும் வழி இல்லை. ஒருநாள் எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார். "நம்ம வேலை இல்லைன்னு சொல்றதும் ஒரு வேலைதான். அதையும் ஒழுங்காச் செய்யணும்." தமாஷ் என்று நினைத்தேன்.

ஒப்படைத்த அன்று காலையில் இரண்டு படையும் எதிரெதிராக நின்றோம். மாநிலப் போலீஸ் சார்பில் ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன்தான். எங்கள் இன்ஸ்பெக்டர் சாமான் பேர்களை வாசிக்க வாசிக்க, அவர் தலையாட்டினார். பெஞ்சு, நாற்காலி, தண்ணீர்ப் பானை, முகம் பார்க்கும் கண்ணாடி. பானைக்கு மூடி இருக்கிறதா என்றுகூடத் திறந்து பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தபோது இன்ஸ்பெக்டர் வாசிப்பதை நிறுத்தினார்.

"இது மத்திய சொத்து. எங்க ரூம்லயே இருக்கும்."

"எங்களுக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து வந்துரும் சார்" என்றார் எஸ்.ஐ.

பிறகு இருவரும் பிளாட்பார ஓரத்துக்கு நடந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஷூ நுனியால் ஓரக்கல்லைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கல்லு வரைக்கும் உங்களுது. இதுக்குக் கீழ எங்களுது." இருவரும் கை குலுக்கினார்கள். வீட்டு மனைக்குக் கல் நட்ட மாதிரி முடிந்தது.

நான் அவர் பின்னாலேயே போனேன். "சார், வெண்டார் பெட்டிக்குக் கை தூக்கறதை அவங்ககிட்ட சொல்லணும் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ரூல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"இல்லாததை எப்படி ஒப்படைக்கிறது? நீங்க நாளையிலேர்ந்து யார்டு. பிளாட்பாரத்துல கால் வைக்க வேணாம்."

நானே போய்ச் சொல்லலாம் என்று, புதிதாக வந்த ஏட்டைத் தேடிப் போனேன். குமரேசன் என்று பேர். வெற்றிலை போடுகிற, கலகலப்பான ஆள். அவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லி, நின்றும் காட்டினேன். 

"நல்லாத்தான் இருக்கு பாய், பஸ்சை நிறுத்தற மாதிரி" என்று சிரித்தான். "ஆனா எனக்கு நிக்கச் சொன்ன பாயிண்ட் வெளி கேட்டுல. எஸ்.ஐ. வந்து பாக்கும்போது நான் இங்க கையத் தூக்கிக்கினு நின்னா, புத்தி பூட்டுச்சா உனக்குன்னு கேப்பாரு. அவராண்ட சொல்லச் சொல்லுங்க உங்க இன்ஸ்பெக்டரை."

அவன்மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பழகிய காவல் தெருக்காவல். வாசலில் நின்றால் உள்ளே வருகிறவன் வெளியே போகிறவன் தெரிவான். எங்களுடையது பெட்டிக்காவல். பெட்டி எங்கே நிற்குமோ அங்கே நிற்போம். இதை ஒருவர் உட்கார்ந்து இன்னொருவருக்குச் சொன்னால் முடிந்தது. தண்ணீர்ப் பானையின் மூடிக்குக் கிடைத்த நேரம் இதற்குக் கிடைக்கவில்லை.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான் யார்டில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். பெண்கள் அவசர அவசரமாகக் குதிப்பார்கள். நகர ஆரம்பித்த வண்டியிலிருந்து கூடை கைமாறும். அம்சா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கத்துவாள். "யோவ் கைகாட்டி, அங்க இன்னா கல்லு எண்ணிக்கினு கீறியா?" சிரித்துக்கொண்டுதான் கத்துவாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. வண்டி நின்றது. கூடைகள் இறங்கின. அம்சா தன் கூடையைக் கீழே தந்துவிட்டு ஒரு காலை வெளியே வைத்தாள். மணி அடித்தது. வண்டி இழுத்தது. பெரிய பாதைக்கு வந்த புதுப் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் சந்து பெரிது. அவள் அந்தச் சந்தில் போனாள்.

பெண்கள் போட்ட கூச்சலில் வண்டி நின்றபோது கடைசிப் பெட்டியும் அவளைத் தாண்டியிருந்தது. நான் தண்டவாளத்தோடு ஓடி வந்து அவள் பக்கத்தில் குனிந்தேன். வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். "கூடை எறங்கிச்சா?" என்று கேட்டாள்.

கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை ஒருத்தி மேலேயிருந்து எறிந்தாள். அதைப் பிரித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் கொஞ்சம் அடங்கியது. அவளை அங்கிருந்து அசங்காமல் தூக்க வேண்டும். இரண்டு கையில் அள்ளினால் தொங்கும் கால் என்ன ஆகும் என்று பயம். குமரேசன் ஓரக்கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எறங்கு குமரேசா. ஒரு கை பிடி."

"கீழ உங்களுது பாய். நான் எறங்கித் தொட்டு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எஸ்.ஐ. வேற தாம்பரம் போயிருக்காரு."

"ஸ்ட்ரெச்சர்?"

"இன்னும் வரல."

பெண்களை மேலேயிருந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு எங்கள் அறைக்கு ஓடினேன். சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி இன்ஸ்பெக்டரிடம். அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சார், ஸ்ட்ரெச்சர் வேணும். வெண்டார் பெட்டிப் பொம்பளை விழுந்துட்டா. உயிர் இருக்கு."

"பயணியா?"

"ஆமா சார்."

"பயணி அவங்க பொறுப்பு. அவங்க கேக்கட்டும். எழுத்துல ரெண்டு வரி போதும். உடனே தரேன்."

"சார், கெடக்கறது நம்ம தண்டவாளத்துல."

"கெடக்கறது நம்ம இடம். ஆள் அவங்க ஆள்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "ரெண்டு வரி வாங்கிட்டு வாங்க. நான் மாட்டேன்னு சொல்லலையே."

மாட்டேன் என்று சொல்லவில்லைதான். அதை நான் மறக்கவில்லை.

திரும்பி ஓடினேன். குமரேசனிடம் எழுதித் தா என்றேன். "எஸ்.ஐ. இல்லாம நான் எப்படி பாய் எழுதறது? உங்க இன்ஸ்பெக்டருக்கு ஏட்டு எழுதலாமா?" என்றான். அழுகிற நிலையில் இருந்தான். இருந்தும் எழுதவில்லை. வண்டி ஜன்னலிலிருந்து ஒருவர், "இன்னும் எவ்ளோ நேரம் சார்? ஆபீஸ் போக வேணாமா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட வந்த பெண்களில் மூத்தவள் கன்னியம்மா. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாய்யா பேசிக்கினு கீறீங்க? ரெண்டு பேரும் காக்கிதான போட்டுகினு கீறீங்க? இவன் கலரு வேற அவன் கலரு வேறயா? ரத்தம் போயிக்கினு கீது, எல்லக்கல்லு பஞ்சாயத்து பண்றானுங்க. த்தூ!"

கூடைகள்மேல் போர்த்தி வரும் தார்ப்பாயை உருவினாள். மீன் தண்ணீர் சொட்டியது. நாலு பெண்கள் புடவையைச் சொருகிக்கொண்டு கல்லை விட்டுக் கீழே குதித்தார்கள். தார்ப்பாயை அவள் அடியில் தள்ளினோம். ஐந்து பேருமாகத் தூக்கினோம். அம்சா கத்தவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓரக்கல்லுக்கு மேலே ஏற்றும்போது குமரேசன் ஒரு முனையைப் பிடித்தான். மேலே வந்ததும் அவன் எல்லை ஆயிற்றல்லவா.

வெளியே ஒரு ஷேர் ஆட்டோ. ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களாகவே இறங்கிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். டாக்டர் அம்மா என்னிடம்தான் சொன்னார். நான் அவளுடைய வீட்டுக்காரன் என்று நினைத்திருப்பார். "துணி கட்டினது நல்லதாப் போச்சு. ஆனா இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா முட்டி தப்பிச்சிருக்கும். முட்டி இருந்தா கட்டைக்கால் வெச்சுக்கிட்டு நல்லா நடப்பாங்க. இனிமே கஷ்டம்."

முட்டி. அவ்வளவுதான் அதன் விலை. கூடையைத் தலையில் ஏற்றி எழுந்திருக்க முட்டி வேண்டும். வண்டிப் படியில் ஏற முட்டி வேண்டும். இரண்டு படை, இரண்டு அதிகாரி, ஒரு பூட்டு, எழுதாத இரண்டு வரி. எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணின் முட்டியைத் தின்றது.

விசாரணை வைத்தார்கள். எங்கள் பக்கம் ஒன்று, அவர்கள் பக்கம் ஒன்று. எங்கள் பக்கத்து விசாரணையில் என்னைத்தான் நிற்கவைத்தார்கள். யார்டு டியூட்டியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிவரை போனது ஏன்? மாநிலத்திடம் ஒப்படைத்த பிளாட்பாரம் வழியாகப் பயணியைத் தூக்கிக்கொண்டு போனது யார் உத்தரவில்? விசாரித்தவர் எங்கள் இன்ஸ்பெக்டரைவிடப் பெரியவர். கேள்வி மட்டும் அதேதான். "யாரைக் கேட்டுப் போனீங்க?"

"அந்த அம்மா என் சட்டையைப் பிடிச்சிருந்தாங்க சார். விடலை. அதனால போனேன்" என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ஒரு கண்டிப்பு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். ஸ்ட்ரெச்சர் ஏன் பூட்டியிருந்தது என்று எந்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. அவர்கள் பக்கத்து விசாரணையில் கை தூக்குவது பற்றி என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. பயணியின் கவனக்குறைவு என்று எழுதி மூடியதாகக் குமரேசன்தான் பிறகு சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்கிற சின்ன வயசுக்காரர்கள், "பூட்டை உடைச்சிருக்கலாமே பாய்" என்கிறார்கள். கேட்கட்டும். காயம் பட்டவளைத் தூக்குவதற்கு ஒரு போலீஸ்காரன் தன் ஸ்டேஷன் பூட்டையே உடைக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தால், அதைச் செய்தவர்களை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்கள் பதவி உயர்வோடு போய்விட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். சாமான் அறையைத் திறந்தோம். ஸ்ட்ரெச்சர் அப்படியே இருந்தது. கான்வாஸ் துணியில் ஒரு கறை இல்லை. வந்த அதிகாரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்க" என்றார். எங்கள் ஆட்கள் சல்யூட் அடித்தார்கள். நானும் அடித்தேன். அன்றைக்கு அடித்த மாதிரி கனமான சல்யூட்டை நான் வேலையில் அடித்தது இல்லை.

அம்சா இப்போது பம்மலில் மார்க்கெட் ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்து மீன் விற்கிறாள். காசிமேட்டிலிருந்து கன்னியம்மாவின் மகள் எடுத்து வந்து தருகிறாள். நான் அவளிடம்தான் வாங்குவேன். தூரத்தில் வரும்போதே, "கைகாட்டி வந்துச்சு, வழி வுடுங்க" என்பாள். மற்றவர்களுக்கு அது என்ன பேர் என்று தெரியாது.

போன வாரம் இந்தப் பேச்சை அவளிடம் சொன்னேன்.

"மறுபடியும் மாத்தப் போறாங்களாம் அம்சா."

"யாராண்டேர்ந்து யாருக்கு?"

"சரியாத் தெரியல."

சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டே பேசினாள். "எவனுக்கோ குடுத்துக்கட்டும் பாய். எங்க பொண்ணுங்க அவுங்க கைய அவுங்களேதான் தூக்கிக்கினு கீறாங்க. கடைசியா எறங்கறவ கதவாண்ட நின்னு கைய வெளிய நீட்டணும், எல்லாம் எறங்கறவரைக்கும் மடக்கக்கூடாதுன்னு நான்தான் சொல்லிவுட்டேன். கார்டுங்களும் பாத்துக்கினு நிக்கிறாங்களாம்."

"அது நீங்க செய்யற வேலை இல்ல அம்சா. அதுக்குத்தான் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்கு."

கத்தியை நிறுத்தினாள்.

"அன்னிக்கு ரெண்டு காக்கியும் அத்தத்தான சொன்னானுங்க, எங்க வேலை இல்லன்னு. எங்களுக்கு அப்டி சொல்லத் தெரியல பாய். இன்னா பண்றது?"

மீனைப் பையில் போட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.